சிங்கப்பூரில் சின்ன வியாபாரத்துக்குப் பணம் வாங்க எந்த முறை? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பலகாரக் கடை, உட்லண்ட்ஸ்

வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், மிக்சர் போட்டு விற்கிறேன். தீபாவளி நெருங்கினால் "அக்கா, கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் தங்கைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் என் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

என் டப்பா ஒன்று 12 வெள்ளி. ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை நிறுவனம் வழியாக உள்ளூர் கார்டை ஏற்றால் 3.4 விழுக்காடும், அதற்கு மேல் 50 காசும் பிடிப்பார்கள். 12 வெள்ளிக்கு அது 91 காசு, அதாவது ஏழரை விழுக்காட்டுக்கும் மேல். அதே ஆள் 150 வெள்ளிக்கு வாங்கினால் போவது 5 வெள்ளி 60 காசு. நாலு விழுக்காடுகூட வராது. சின்னத் தொகையில் கையைக் கடிப்பது அந்த 50 காசுதான். விளம்பரத்தில் கண்ணில் படும் விழுக்காட்டை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள். உங்கள் சராசரி ஆர்டர் எவ்வளவு என்று எழுதி, அதன்மேல் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவு, எண்ணெய், டெலிவரி போக எனக்கு ஒரு டப்பாவில் நிற்பதே இரண்டு வெள்ளி சொச்சம்.

அதனால் எனக்கு, வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் போகும் பேநவ்தான். 2017-ல் அது வந்தபோது கைபேசி எண்ணுக்கும் அடையாள அட்டை எண்ணுக்கும் அனுப்பலாம் என்றிருந்தது. 2018-ல் யுஇஎன் என்ற நிறுவனப் பதிவெண்ணை வைத்து நிறுவனங்களும் வாங்கலாம் என்றானது. அடையாள அட்டையில் உள்ளபடி சொந்த முழுப்பெயரில் விற்றால், வணிகங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் நான் கடைப்பெயர் வைத்துப் பதிந்துகொண்டேன். என் கியூஆரை ஸ்கேன் செய்கிறவரின் திரையில் பதிவான அந்தப் பெயர் வரும். கைபேசி எண்ணுக்கு அனுப்பினால் நாம் வைத்துக்கொண்ட செல்லப்பெயர்தான் வரும். முகம் தெரியாத ஒருவர் முன்கூட்டியே 200 வெள்ளி அனுப்ப வேண்டுமானால், கடைப்பெயரைப் பார்த்தால்தான் அவருக்குத் தைரியம் வரும். வீட்டுச் செலவும் வியாபாரக் காசும் கலக்காமல் இருப்பதால் வருமான வரி நேரத்திலும் நிம்மதி. வணிகக் கணக்கின் குறைந்தபட்ச இருப்பும் மாதக் கட்டணமும் வங்கிக்கு வங்கி மாறும். கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பூக்கடை, தேக்கா

அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. பேநவ் வச்சா மட்டும் போதாது, பணம் வந்துச்சான்னு நம்ம பக்கம் பாக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெரியுது. ஒருத்தர் நாலு முழம் மல்லியும் ரோஜா மாலையும் வாங்கிட்டு கைபேசியைத் தூக்கிக் காட்டுனாரு. தொகை சரி, கடைப்பெயர் சரி, பச்சை நிற டிக் கூட இருக்கு. ஆனா எங்க கைபேசியில சத்தம் வரல. "அண்ணே, அந்தத் திரையைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டுங்க"ன்னேன். அவரு விரல் பட்டதும் அடுத்து வந்தது ஏதோ பிறந்தநாள் கேக் படம். காட்டுனது வெறும் ஸ்கிரீன்ஷாட்! மாலையை வாங்கி உள்ள வச்சுட்டேன், அவரும் ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு.

கடையில முதலாளி எப்பவும் இருக்க மாட்டாரு. டிபிஎஸ் மேக்ஸ், ஓசிபிசி ஒன்கலெக்ட் மாதிரி செயலிகள் இதுக்குத்தான் இருக்கு. வங்கிக் கணக்கைத் திறந்து விடாமலே, பணம் வந்த தகவலை மட்டும் வேலை பாக்குறவங்களும் பாக்கலாம். அப்புறம் கல்லாப்பெட்டி மேல ஒட்டியிருக்குற கியூஆர் தாளைத் தினமும் காலையில விரலால தடவிப் பாருங்க. மேல வேற ஸ்டிக்கரை ஒட்டிட்டா நம்ம காசு அடுத்தவன் கணக்குக்குப் போயிடும்.

ரவிக்கை தையல், ஈசூன்

நான் கார்டு பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மெல்பர்னிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இங்கே வங்கிக் கணக்கு இல்லாதவரிடம் பேநவ் எண்ணைக் கொடுத்து என்ன பயன்? ஒரு கல்யாண ரவிக்கை 180 வெள்ளி. அந்தத் தொகைக்குக் கார்டு கட்டணத்தைத் தாங்கிக்கொள்ளலாம், விலையிலேயே சேர்த்தும் வைத்திருக்கிறேன்.

பயப்பட வேண்டியது பணம் திரும்பிப் போவதற்குத்தான். பேநவ்வில் அனுப்பியவர் தானாகப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. கார்டில் அப்படி இல்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பல காரணங்களுக்கு 120 நாள் வரை வாடிக்கையாளர் தன் வங்கியிடம் முறையிடலாம். ஒரு பெண்மணி பொருளே வந்து சேரவில்லை என்று முறையிட்டார். உடனே அந்தத் தொகையைக் கட்டணச் சேவை நிறுவனம் என் கணக்கிலிருந்து பிடித்துவைத்துவிட்டது. அளவு குறித்த வாட்ஸ்அப் செய்திகள், தைத்து முடித்து அவருக்கு அனுப்பிய படம், அஞ்சல் கண்காணிப்பு எண், பெற்றுக்கொண்ட கையெழுத்து எல்லாவற்றையும் அனுப்பினேன். பல வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது. அதுவரை துணிக்கடைக்குக் கொடுக்க வேண்டிய காசைக் கையிலிருந்துதான் போட்டேன். கார்டு ஏற்கிறவர்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் இவற்றை எடுத்து வையுங்கள். அளவெடுத்துத் தைப்பவர்களுக்கு அந்த அளவுச் செய்திதான் முக்கியமான சாட்சி.

டியூஷன் ஆசிரியர், சுவா சூ காங்

மாதக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான். முதல் தேதி வந்தால் ஒரே தொகை வரிசையாக விழும், எந்தப் பிள்ளைக்கு யார் கட்டினார்கள் என்று புரியாது. தொகையும் குறிப்பெண்ணும் உள்ளேயே பதிந்த கியூஆர் ஒன்றைப் பிள்ளைக்கு ஒன்றாக அனுப்ப ஆரம்பித்தேன்; குழப்பம் தீர்ந்தது. சென்னையில் இருக்கும் தாத்தா கட்டலாமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். இந்தியாவின் கைபேசிப் பணமுறையான யுபிஐயையும் பேநவ்வையும் சேர்த்து 2023 பிப்ரவரியில் வந்த இணைப்பு தனிமனிதர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளத்தான். அதை நம்பி வியாபாரத் திட்டம் போடாதீர்கள்.

பலகாரக் கடை, உட்லண்ட்ஸ்

ஈசூன் தங்கை கார்டில் பட்ட பாட்டைப் படித்தபிறகு, பேநவ்வில் நான் பட்டதையும் சேர்க்கிறேன். 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. தரவு மையம் ஒன்றில் குளிரூட்டும் வேலையில் கோளாறாகி, இரண்டு வங்கிகளின் சேவை மதியத்திலிருந்து முடங்கியது. ஆர்டர் எடுக்க வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள், பணம் போகவில்லை. வேறு வங்கியில் இருந்த இன்னொரு கணக்கும் கொஞ்சம் சில்லறையும்தான் அன்றைக்குக் கைகொடுத்தன. அன்றிலிருந்து இரண்டு வங்கியின் கியூஆரையும் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

புதிதாக யாராவது "எங்கள் செயலியில் சேருங்கள், கட்டணமே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், முதலில் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். கட்டணச் சேவைகள் சட்டம் 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்ததிலிருந்து இப்படிப்பட்ட சேவைகளுக்கு உரிமம் வேண்டும், விதிவிலக்குப் பெற்றவர்களைத் தவிர. பட்டியலில் பெயர் இருந்தால், அடுத்த கேள்வி: நான் விற்ற காசு எத்தனை நாளில் என் வங்கிக்கு வரும்? அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.