எடிசன் (நியூ ஜெர்சி) தமிழ்க் குடும்பங்கள் குழு: புது புல்தரைக்கு என்ன உரம்?

முரளி: வணக்கம். பின்முற்றத்தில் மரத்தை எடுத்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது, ஆயிரம் சதுர அடி இருக்கும். சனிக்கிழமை புல்விதை போடப்போகிறேன். கராஜில் களையையும் தடுக்கும் உரம் ஒரு பை இருக்கிறது, அதையே போடலாமா?

செல்வி: அதைத் தொடாதே முரளி! களைவிதையை முளைக்கவிடாத மருந்து உன் புல்விதையையும் முளைக்கவிடாது. ஸ்டார்ட்டர் உரம், அதாவது புதுப் புல்லுக்கான தொடக்க உரம், என்று கேட்டு வாங்கு. பையில் 18-24-12 மாதிரி மூன்று எண் இருக்கும்: தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்து எத்தனை சதவீதம் என்று. நடு எண் பெரிதாக இருக்கட்டும்.

தினேஷ்: அக்கா, நியூ ஜெர்சியில் மணிச்சத்து போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே?

செல்வி: ஆமாம் தினேஷ், 2011 சட்டம். ஏரியிலும் ஆற்றிலும் பாசி மண்டாமல் இருக்கத்தான். ஆனால் புதிதாக விதைப்பவர்களுக்கு விலக்கு உண்டு. மணிச்சத்து போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. அதனால் விதைக்கும்போதே மேல்மண்ணில் கிளறிவிட வேண்டும். ஊரில் நடவுக்கு முன் அடியுரம் போடுவோமே, அதே கதைதான்.

முரளி: எவ்வளவு போடுவது அக்கா?

செல்வி: தழைச்சத்து ஒரு தடவைக்கு ஆயிரம் சதுர அடிக்கு 0.9 பவுண்டைத் தாண்டக்கூடாது. 18 போட்ட பையில் 4 பவுண்டு எடுத்தால் 0.72 வரும், அது போதும். அதிகமானால் இளம்புல் கருகிவிடும். அடிக்கட்டையை அரைத்த மரத்தூள் அங்கேயே கிடக்கிறதா?

முரளி: மண்ணோடு கலந்து கிடக்கிறது.

செல்வி: முதலில் அதை அள்ளி எடு. தூள் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், புல் மஞ்சளடிக்கும்.

ஜமுனா: மேலுரம் எப்போது அக்கா? நாங்களும் முன்பக்கம் விதைக்கிறோம்.

செல்வி: முளைத்து நாலு முதல் ஆறு வாரத்தில். ஃபெஸ்க்யூ வகைப் புல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும், கென்டக்கி புளூகிராஸ் வகை நாலு வாரம்கூட எடுக்கும். சொட்டையாகத் தெரிகிறதே என்று நடுவில் உரத்தைக் கொட்டாதீர்கள். அப்போது வேண்டியது தண்ணீர், மேல்மண் காயாதபடி தினமும் இரண்டு மூன்று தடவை. நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை உரம் போடவே கூடாது, நவம்பர் 15க்கு முன்பே முடிக்கப் பாருங்கள்.

தினேஷ்: ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மண்ணை அனுப்பினால் எது குறைவு என்று சொல்லிவிடுவார்கள். புளிப்பு மண் என்றால் சுண்ணாம்பும் போட வேண்டியிருக்கும்.

முரளி: சரி, அனுப்பிவிடுகிறேன். உரம் தூவும் வண்டி யாரிடமாவது இருக்கிறதா?

ஜமுனா: எங்களிடம் இருக்கிறது. வெள்ளி மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்வி: நடைபாதையில் சிதறும் உரத்தை அன்றே பெருக்கிப் புல்தரைக்குள் தள்ளிவிடு முரளி. மழை வந்தால் நேரே வடிகாலுக்குத்தான் போகும்.