காலேஜ் ஸ்டூடன்ட் சாப்டர் இந்தத் தடவையாவது உசுரோட இருக்கணும், என்ன பண்ணலாம்?

ஊத்துத்தண்ணி (கேள்வி கேட்டவர்)

வணக்கம் மக்களே. நான் ராம்நாட்ல நிலத்தடி நீர் வேலை பாக்குறவன், படிச்சது ஜியாலஜி. நான் மெம்பரா இருக்குற ஜியாலஜிஸ்ட் சங்கத்தோட நம்ம பக்கத்துக் கிளைல, ஸ்டூடன்ட் சாப்டர, அதாவது காலேஜ்ல இருக்குற மாணவர் கிளைய, பாத்துக்குற பொறுப்ப இந்த வருஷம் என் தலைல கட்டிட்டாங்க. கடற்கரைய ஒட்டி இருக்குற ஒரு கேம்பஸ்ல சாப்டர் இருக்கு, அதாவது பேப்பர்ல இருக்கு. பேனர் இருக்கு, வாட்ஸப் குரூப் இருக்கு, அதுல கடைசியா வந்தது யாரோ போட்ட பொங்கல் வாழ்த்து. முன்னாடி ஒரு பேட்ச் அருமையா நடத்திருக்காங்க, அந்தப் பசங்க பாஸ் அவுட் ஆனதும் சாப்டர் மெயிலோட பாஸ்வேர்டும் அவங்க கூடவே போயிருச்சு.

கிளைல பெரியவங்க சொல்றது என்னன்னா வருஷத்துக்கு ரெண்டு கெஸ்ட் லெக்சர் குடு, ஒரு க்விஸ் வை, சர்டிபிகேட் குடு, போட்டோ எடுத்து தலைமைக்கு அனுப்பு, அம்புட்டுதான். எனக்கு மனசு ஒப்பல. கையில கொஞ்சம் காசு ஒதுக்கிருக்காங்க, பெரிய தொகை இல்ல. அத மெம்பர்ஷிப் பீஸ்க்கு குடுக்கவா, ரெண்டு பேர மாநாட்டுக்கு அனுப்பவா, பஸ் வாடகைக்கு வச்சுக்கவா? பட்டவங்க சொல்லுங்க.

பாறைப்பித்தன்

தம்பி, நான் ஆயில் கம்பெனில இருந்து ரிட்டயர்ட் ஆனவன், ரெண்டு சங்கத்துல மெம்பர். பெரிய சங்கங்கள் இத எப்படிப் பண்றாங்கன்னு மொதல்ல சொல்லிடறேன். ஏஏபிஜிங்குற அமெரிக்க பெட்ரோலிய ஜியாலஜிஸ்ட் சங்கம் 1917ல ஆரம்பிச்சது, எஸ்இஜிங்குற ஜியோபிசிக்ஸ்காரங்க சங்கம் 1930, ரெண்டுக்கும் உலகம் பூரா காலேஜ்ல சாப்டர் இருக்கு. ஏஏபிஜில இம்பீரியல் பேரல் அவார்டுன்னு ஒண்ணு, ஒரு படுகையோட டேட்டாவ குடுத்துருவாங்க, பசங்க டீமா உக்காந்து சில வாரத்துல எங்க எண்ணெய் இருக்கும்னு முடிவு பண்ணி கம்பெனிக்காரங்க முன்னாடி பேசணும். எஸ்இஜில சேலஞ்ச் பௌல்னு க்விஸ். எல்லாம் நல்லதுதான், ஆனா அதுக்கு சாஃப்ட்வேர் வேணும், சொல்லிக்குடுக்க ஆள் வேணும், நம்ம பக்கத்து சின்ன கேம்பஸ் மொத வருஷமே அதுல எறங்குனா பசங்க மலைச்சுப் போயிருவாங்க.

நிர்வாகம்னு பாத்தா மூணு விஷயம்தான் சாப்டர கொல்லுது. பைனல் இயர் பசங்களையே தலைவர், செயலாளர்னு போடுறது, அவங்க டிசம்பர்லயே வேலை தேட ஓடிருவாங்க. அட்வைசர் பேராசிரியருக்கு இது சம்பளமில்லாத எக்ஸ்ட்ரா வேலை, அவர ஒருத்தரும் கண்டுக்குறதில்ல, கிளைல இருந்து ஒரு நன்றி லெட்டர் காலேஜ் முதல்வருக்கு காப்பி போட்டு அனுப்புங்க, அது அவருக்கு உதவும். அப்புறம் வருடாந்திர ரிப்போர்ட். அத அனுப்பலன்னா தலைமைல செயல்படாத சாப்டர்னு போட்டுருவாங்க, அதோட நிதி கெடைக்காது. செகண்ட் இயர், எம்எஸ்சி மொத வருஷப் பசங்கள பொறுப்புல போடுங்க, மெயில் ஐடி சாப்டர் பேர்ல இருக்கட்டும், பாஸ்வேர்ட் அட்வைசர்கிட்டயும் உங்ககிட்டயும் இருக்கட்டும்.

மாநாட்டுக்கு ரெண்டு பேர அனுப்புறது வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், ஆனா போன ரெண்டு பேருக்கு மட்டும்தான் பலன்.

தொண்டிக்காரி

அண்ணே நான் எம்எஸ்சி ரெண்டாவது வருஷம், எங்க சாப்டரும் இதே கதைதான் அதனால எழுதுறேன். கெஸ்ட் லெக்சர் குடுங்க வேணாங்கல, ஆனா வர்ற சார் ஒவ்வொருத்தரும் தட்டு நகர்வு, சுனாமின்னு பர்ஸ்ட் இயர்ல படிச்சதையே ஸ்லைடு போட்டுட்டு பொன்னாட வாங்கிட்டு கார்ல ஏறிருவாங்க. அந்த சார் அடுத்த நாள் எங்க கூட கடற்கரைல ரெண்டு கிலோமீட்டர் நடந்தா அதுல கத்துக்குறது தனி. ஒருத்தர் அப்படி வந்தாரு. நாங்க சும்மா மணல்னு நெனச்சு மிதிச்சுட்டுப் போன எடத்துல உக்காந்து கருப்பு கோடு மாதிரி இருந்த கனிம மணல அள்ளி காந்தத்த வச்சு காட்டுனாரு, கொஞ்சம் ஒட்டுச்சு கொஞ்சம் ஒட்டல, ஏன்னு கேட்டாரு, யாருக்கும் பதில் தெரியல. ராத்திரி ஹாஸ்டல்ல அதப்பத்திதான் சண்ட.

இன்னொண்ணு, எங்கள்ல முக்காவாசிப் பேரு யுபிஎஸ்சி ஜியோ சயின்டிஸ்ட் எக்ஸாமுக்கு படிக்கிறோம். ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்), மத்திய நிலத்தடி நீர் வாரியம் ரெண்டுக்கும் அதுலதான் ஆள் எடுக்குறாங்க. பாஸ் பண்ணி வேலைல இருக்குற சீனியர் யாரையாவது மாசம் ஒருக்கா ஆன்லைன்ல பேச வச்சா சர்டிபிகேட்டவிட அது மேல்.

காசு விஷயத்துல என் ஓட்டு பஸ்ஸுக்கு. கவர்மென்ட் பஸ்ல போய் எறங்கி வெயில்ல நடந்து பொண்ணுங்க ஒதுங்க எடமில்லாம தண்ணி குடிக்காம நாள் பூரா இருக்குறது எங்களுக்குத்தான் தெரியும். வேன் இருந்தா வீட்ல அனுப்புவாங்க, இல்லன்னா என் வகுப்புல பாதி பொண்ணுங்க பீல்டுக்கே வரமாட்டாங்க.

அரிச்சல்முனை

மேல தங்கச்சி சொன்னதுக்கு நூறு மார்க். நான் கடற்கரை ஜியாலஜி ஆளு, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

சாப்டருக்கு நிகழ்ச்சி குடுக்காதீங்க, வேலை குடுங்க, அதுவும் ஒரு பேட்ச்ல முடியாத வேலை. இங்க பேட்ச் மாறும்போதுதான எல்லாம் அறுந்து போகுது, அப்போ போன பேட்ச் எடுத்த டேட்டா இல்லாம இந்த பேட்ச் ஒண்ணும் பண்ண முடியாதுங்கற மாதிரி ஒரு வேலைய குடுத்துட்டா ஜூனியரே சீனியர விரட்டிப் பிடிச்சு வாங்கிக்குவான்.

நம்ம கடற்கரைக்கு இத மாதிரி எடம் கெடைக்காது. தனுஷ்கோடி போற ரோட்டுல ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, நம்மாளுங்க பெண் கடல், ஆண் கடல்ங்குறது இதத்தான். தென்மேற்குப் பருவத்துல ஜூன்ல இருந்து மன்னார் பக்கம் கொந்தளிக்கும், அந்நேரம் வடக்குப் பக்கம் குளம் மாதிரி கெடக்கும். வடகிழக்குப் பருவம் வந்தா தலைகீழ். அலை மாறுனா மணல் போற தெசையும் மாறும், ஒரு கரை தேயும் இன்னொரு கரை வளரும். இத வருஷம் பூரா அளந்தா தெளிவா தெரியும், ஒரு நாள் டூர்ல தெரியாது.

அளக்க டோட்டல் ஸ்டேஷன்ங்குற சர்வே கருவி, டிரோன் எதுவும் வேணாம். டிரோன் பக்கமே போகாதீங்க, உச்சிப்புளில கடற்படை விமானத்தளம் இருக்கு, எல்லைப்பகுதி, வீண் வம்பு. 1961ல எமெரின்னு ஒரு ஆய்வாளர் எழுதுன முறை இருக்கு, ரெண்டு கம்பு போதும். ஒரே ஒசரத்துல ரெண்டு கம்பு எடுத்து மேல இருந்து கீழ சென்டிமீட்டர் கோடு போடுங்க, நடுவுல ரெண்டு மீட்டர் கயிறு. ஒருத்தர் கரைப்பக்கக் கம்புல, இன்னொருத்தர் கடல்பக்கக் கம்புல. சரிவு கடல நோக்கி எறங்குதுன்னா, கடல்பக்கக் கம்போட உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி கரைப்பக்கக் கம்புல கண்ண மேலயும் கீழயும் நகத்துங்க, சரியா வர்ற எடத்துல கோட்டப் படிங்க, உச்சில இருந்து எத்தன சென்டியோ அதுதான் அந்த ரெண்டு மீட்டருக்குள்ள எறங்குன ஆழம். மேடு வந்தா திருப்பிப் பண்ணணும், கரைப்பக்கக் கம்போட உச்சில இருந்து தொடுவானத்தப் பாத்து முன்னாடி கம்புல படிக்கணும். அப்படியே அலை வரைக்கும் போக வேண்டியதுதான். மங்கலா தொடுவானம் தெரியாத அன்னைக்கு மட்டும் வேலை நடக்காது. கூட்டிக்கழிச்சு கிராப் போட்டா கரையோட குறுக்குவெட்டு வந்துரும், பத்தாவது படிக்கிற பையன் கூட போடலாம்.

மாசம் ஒரு நாள், அதே எடம், அலை ஒரே மாதிரி வத்தியிருக்குற நேரம். ஆரம்பப்புள்ளி நகரக்கூடாது. மணல்ல ஆணி அடிச்சா அடுத்த மாசம் இருக்காது, ஏதாவது கான்கிரீட் மதகு மேல பெயின்ட் அடிச்சு வைங்க. நோட்டு ஒண்ணு டிபார்ட்மென்ட் பீரோல இருக்கணும், யாரும் ஹாஸ்டலுக்கு தூக்கிட்டுப் போகக்கூடாது, இது முக்கியம்.

சுனாமிக்கு அப்புறம் 2008ல எஸ்இஜிகாரங்க ஜியோசயின்டிஸ்ட்ஸ் வித்தவுட் பார்டர்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, மக்களுக்கு நேரடியா உதவுற வேலைக்கு நிதி குடுப்பாங்க, ஸ்டூடன்ட்ஸ் பங்கு இருக்கணும்னு பாப்பாங்க. ரெண்டு வருஷ டேட்டா கையில இருந்தா அந்த மாதிரி எடத்துல விண்ணப்பம் போட மொகம் இருக்கும்.

மூக்கையூர்ப் பையன்

நான் ஜியாலஜி இல்ல, மீனவக் குடும்பம், இஞ்சினியரிங் படிச்சுட்டு ஊர்ல இருக்கேன். நீங்க எல்லாம் கம்பு கயிறு பேசுறீங்க, ஊருக்குள்ள வந்து பைய தொறந்து மண்ண அள்ளுனா என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா? 2025ல நம்ம ஜில்லாவுல ஓஎன்ஜிசி 20 ஆய்வுக் கிணறு போட அனுமதின்னு செய்தி வந்து எம்புட்டுப் பிரச்சினை ஆச்சுன்னு தெரியும், மாநில அரசே விடமாட்டோம்னு அறிவிச்சாங்க. அப்புறம் ஜியாலஜின்னு பேனர் புடிச்சுட்டு வந்தா எங்க ஆத்தா கூட வெளக்குமாத்த எடுத்துரும். ஊர்த் தலைவர்கிட்டயும் மீனவர் சங்கத்துலயும் காலேஜ் லெட்டர் தமிழ்ல குடுங்க, மரைன் போலீஸ்க்கு ஒரு காப்பி. முக்கியமா என்ன அளக்குறீங்கன்னு வாயால சொல்லுங்க, கரை தேயுறதப் பாக்குறோம்னு சொன்னா எங்காளுங்களே கூட வந்து 20 வருஷம் முன்னாடி கடல் எங்க இருந்துச்சுன்னு காட்டுவாங்க.

அப்புறம் கரைல ஒதுங்கிக் கெடக்குற பவளத்த சாம்பிள்னு பைக்குள்ள போடாதீங்க. செத்த பவளமா இருந்தாலும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் வரும். மன்னார் வளைகுடால இருந்த 21 தீவுல விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் முங்கிப்போச்சு, சுண்ணாம்புக்காக பவளத்த வெட்டுனதுதான் முக்கிய காரணம், அதுக்கப்புறம் கெடுபிடி அதிகம். தீவுக்குப் போகணும்னா வனத்துறை அனுமதி இல்லாம படகுல கால வைக்காதீங்க.

ஊத்துத்தண்ணி

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன லெட்டர் விஷயம் கண்ண தொறந்துச்சு, அத மொதல்ல முடிச்சுடறேன். கம்பு வேலைய அட்வைசர்கிட்ட பேசுனேன், அவருக்கும் இஷ்டம். அது கூட என் சரக்கையும் சேக்கலாம்னு இருக்கேன். தனுஷ்கோடி மணல்ல கடலுக்குப் பத்தடி தள்ளி தோண்டுனா நல்ல தண்ணி வருதுல்ல, மழத்தண்ணி உப்புத்தண்ணி மேல லேசா மெதந்துட்டு இருக்கு, கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணின்னு கணக்கு சொல்லும், ஆனா அங்க நெசத்துல அம்புட்டு நிக்குதான்னு பசங்களே பாக்கட்டும். தண்ணில உப்பு எவ்வளவுன்னு காட்டுற என் ஈசி மீட்டர இரவல் குடுக்குறேன், மாசாமாசம் கம்பு புடிக்கிற அன்னைக்கே ஊத்துலயும் உப்பு பாத்து அதே நோட்டுல எழுதட்டும்.

காசு வேனுக்கு. பெரியவர் கோச்சுக்காதீங்க, மாநாடு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கிளைல க்விஸ் கண்டிப்பா வேணும்னு நிக்கிறாங்க, வச்சுட்டுப் போகட்டும்.

ஒரு டவுட்டு: கம்பு மரத்துலயா, பிவிசி பைப்பா?

அரிச்சல்முனை

பிவிசி காத்துல வளையும். ஒன்றரை மீட்டர்ல சதுர அலுமினியக் குழாய் வாங்குங்க, ராம்நாட்ல ஜன்னல் போடுற கடைலயே அறுத்துத் தருவான். அடில ஒரு சின்னத் தகடு வச்சுருங்க, இல்லன்னா ஈர மணல்ல பொதைஞ்சு ரீடிங் தப்பா வரும். வேன் போற அன்னைக்கு சொல்லுங்க, மொத ரெண்டு தடவ நானும் வர்றேன்.