மாட்டுக்காரப் பெரியவர்: அவரோடு பழகியவர்கள் எழுதுகிறோம்

கால்நடை மருத்துவர்:

பெரியவர் போய்விட்டார் என்று கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அவரோடு பழகியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஆளுக்கொன்றாக எழுதி வைத்தால் அவருடைய பேரப்பிள்ளைகள் பிறகு படிப்பார்கள். நானே தொடங்குகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நள்ளிரவில் அழைத்தார். ஈன்று ஒரு நாள்கூட ஆகாத பசு எழ முடியாமல் கிடந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை அண்டைகொடுத்து, அதை ஒருபக்கம் சாய்ந்துவிடாமல் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார். சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “காது சில்லிட்டுவிட்டது, கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டது. பால்சுரம்தானே டாக்டர்?” என்றார். அதுவேதான். கறவை தொடங்கியதும் இரத்தத்தில் உள்ள கால்சியம் மளமளவென்று மடிக்கு இறங்கிவிடும். எலும்பிலிருந்து அது ஈடுகட்டப்படுவதற்குள் தசைகள் சோர்ந்துவிடும்.

மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். புட்டியைப் பிடித்திருந்தவர் அவர். உயரத்தில் பிடித்தால் வேகம் கூடும் என்று ஒருமுறை சொன்னேன். அதன்பின் அவர் கை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பாதி இறங்குவதற்குள் பசுவின் தோளில் நடுக்கம் ஓடியது, ஏப்பம் விட்டது, சாணம் போட்டது. கொஞ்ச நேரத்தில் முன்னங்காலை ஊன்றி எழுந்துவிட்டது. நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் அதற்குள் கன்றுக்குச் சீம்பால் பிடிக்கப் பாத்திரம் தேடிப் போய்விட்டார். சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக ஏற்கும். ஒரு நாள் கடந்தால் வழி அடைபட்டுவிடும். அவர் எந்தக் கன்றையும் அவ்வளவு நேரம் காக்க வைத்ததில்லை.

பால் வண்டி ஓட்டுநர்:

எனக்குத் தெரிந்து ஐயாவின் கேன்கள் ஒருநாளும் தாமதமானதில்லை. மகள் திருமணத்தன்றும் கறந்து வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனார்.

ஒருமுறை சில நாட்களாகப் பால் குறைந்து வந்தது. கேட்டேன். மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலைக் கீழே ஊற்றிவிடுவதாகச் சொன்னார். “மருந்து வடியும்வரை ஊற்றத்தான் வேண்டும். இதைக் குடிப்பது யாருடைய குழந்தையோ” என்றார். மற்றப் பாலோடு கலந்துவிடலாமே என்று அங்கிருந்த ஒருவர் சொன்னதும் ஐயாவின் முகம் மாறியது. அந்த ஆளிடம் அதன்பிறகு அவர் பேசி நான் பார்த்ததில்லை.

பக்கத்து நிலத்துக்காரர்:

அண்ணன் இறந்த அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். வீடு நிறைய ஆட்கள், ஒரே அழுகை. கறவை நேரம் வந்ததும் தொழுவத்திலிருந்து மாடுகள் கத்தத் தொடங்கின. மடி கனத்துவிட்டால் அவை என்ன செய்யும்? துக்க வீட்டில் யாரைப் போய்க் கேட்பது என்று நானும் இன்னொருவரும் பாத்திரத்தோடு உட்கார்ந்தோம். மடியைக் கழுவினோம், காம்பைத் தடவினோம். கொஞ்சம் வந்தது, பிறகு அடக்கிக்கொண்டது. புது ஆள், புதுக் கை, வீட்டில் கூச்சல். மாடு மிரண்டால் மடியில் எவ்வளவு பால் இருந்தாலும் இறங்காது.

அப்போது அவருடைய மகள் வந்தாள். அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தவள், கையைக் கழுவிக்கொண்டு எங்களை எழுந்திருக்கச் சொன்னாள். “முதலில் மூலையில் நிற்கும் கிழட்டுப் பசு. மடிநோய் வந்த பசு கடைசியில்தான். அப்பா மாற்றமாட்டார்” என்றாள். அந்த வரிசையிலேயே கறந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கறவையின் தாளம் தப்பவில்லை. நான் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன், வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

மகள்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அப்பா எதனால் போனார் என்பதையும் இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். மாடு வளர்ப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

போன வருடம் எங்கள் பசுக்கள் இரண்டு, சினை முற்றிய மாதங்களில் கன்று வீசிவிட்டன, அதாவது காலம் முடியுமுன்பே கரு கலைந்துவிட்டது. நஞ்சுக்கொடியை அப்பா வெறும் கையால்தான் எடுத்தார், எப்போதும் அப்படித்தான். பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. சில நாள் விட்டுவிடும், மறுபடியும் வரும். இரவில் சட்டை நனைய வியர்க்கும், இடுப்பும் மூட்டும் வலிக்கும். காட்டிய இடங்களிலெல்லாம் மாத்திரை கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு பார்த்த ஓர் இளம் மருத்துவர்தான் “வீட்டில் மாடு உண்டா?” என்று கேட்டு இரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். மாட்டைக் கன்று வீச வைத்து, மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா கிருமி. அதற்கு மருந்து இருக்கிறது, வாரக்கணக்கில் விடாமல் எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அப்பாவுக்கு அது இதய வால்வைப் பிடித்துவிட்டிருந்தது. பசு ஒரு கவளம் குறைத்துத் தின்றாலும் கண்டுபிடிக்கிற மனிதரின் காய்ச்சலுக்குப் பெயர் தெரியவே அத்தனை மாதங்கள் ஆகின என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மாட்டோடு புழங்குகிறவர்களுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் மாட்டோடு புழங்குவதை முதலில் சொல்லுங்கள். கன்று ஈனும்போதும் வீசும்போதும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் தடுப்பூசி உண்டு. அதைக் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும், அந்த மருந்து மனிதர் உடலில் ஏறினால் நோய் தரும்.

எங்கள் மாடுகள் எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்தாயிற்று. தொற்று உள்ளவற்றைத் தனியே கட்டியிருக்கிறோம். மற்றவற்றை விற்கச் சொல்கிறார்கள், நான் விற்பதாக இல்லை. காலைக் கறவைக்குத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டார். மாலைக்குத்தான் இல்லை, மாட்டை அதட்டாத ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.