புதுப்பிப்பு: வெளுத்துப்போன மஞ்சள் கம்பளி நூல்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்து மஞ்சள் கிழங்கில் சாயமேற்றிய கம்பளி நூல், ஜன்னலோரம் பத்தே நாளில் வெளுத்துவிட்டது என்று. என் கைப்பிசகு இல்லை. மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது. சாயம் நூலில் பிடிக்க உதவும் படிகாரம் போட்டாலும் பெரிதாகத் தாங்காது.

மிச்சமிருந்த நூலைத் துணி சோப்பில் அலசினேன், செங்காவியாகிவிட்டது! அம்மா சிரித்தார்: "ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு கலந்தா சிவக்குமே, மறந்துட்டியா?" வினிகர் விட்ட தண்ணீரில் முக்கியதும் மஞ்சள் திரும்பியது.

சரி, இப்போது வெங்காயத்தோல். 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரம். அதைக் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம், பிறகு தோலை வேகவைத்து வடித்த சாற்றில் இன்னொரு மணி நேரம், தளதளவென்று கொதிக்க விடாமல். சூட்டோடு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் கம்பளி சுருங்கிக் கட்டிதட்டிவிடும், பாத்திரத்திலேயே ஆறவிட்டேன். செம்பு மின்னும் ஆரஞ்சு!

அப்புறம், தோல் பதனிட உதவுமே, அந்தப் பிளாக் வாட்டில் மரத்தின் பட்டை. சாலையோரம் பொறுக்கினேன், பழுப்பு தந்தது. துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர் கொஞ்சம் விட்டதும் கருஞ்சாம்பல். அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது. அம்மாவுக்கு அதுதான் கோபம்.