பொருள்: தொடக்க ஏற்றியை நிறுவுவதா, பதிப்பதா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் கையேட்டில் ரெய்டு 1 (ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளில் எழுதிவைக்கும் முறை) பகுதியின் வரைவைப் பார்த்தேன். பூட் லோடருக்குத் "தொடக்க ஏற்றி" சரியாக வந்திருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுவதுதானே அதன் வேலை. உறுத்துவது மற்ற இரண்டும்: மிரர் வட்டுக்குப் "பிம்ப வட்டு", கிரப் என்ற தொடக்க ஏற்றியை வட்டில் எழுத கிரப்-இன்ஸ்டால் செய்வதற்கு "நிறுவுதல்".

"பிம்ப வட்டு" என்று படிப்பவர், முதல் வட்டில் உள்ளது அத்தனையும் இரண்டாவதிலும் இருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார். லினக்ஸில் வழக்கமாக நாம் சேர்ப்பது வட்டுகளை அல்ல, பிரிவுகளை. எஸ்டிஏ வட்டின் பிரிவான எஸ்டிஏ2, எஸ்டிபி வட்டின் பிரிவான எஸ்டிபி2 இரண்டும் சேர்ந்து எம்டி0 என்ற ஒரே சாதனம் ஆகிறது. எம்டி0-இல் எழுதுவது மட்டும் இரண்டுக்கும் போகும், அந்தப் பிரிவுகளுக்கு வெளியே இருப்பதை லினக்ஸின் ரெய்டு மென்பொருளான எம்டி தொடாது. தொடக்க ஏற்றி இருப்பதோ அந்த வெளியில். பயாஸ் (பழைய வகைத் தொடக்க முறை) கணினியில் 512 பைட் முதல் செக்டாரின் முதல் 440 பைட்டுக்குள் ஒரு சிறு நிரல் இருக்கும். அது கைகாட்டும் பெரிய துண்டு, முதல் பிரிவுக்கு முன்னுள்ள இடைவெளியில் இருக்கும். ஜிபிடி (புதுவகைப் பிரிவு அட்டவணை) வட்டானால் அதற்கென்று ஒதுக்கிய பயாஸ் பூட் பிரிவில்; 1 எம்பி போதும், கோப்பு முறைமை எதுவும் போடக்கூடாது.

ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்தால், உறுப்பு நலம் என்று காட்டும் இரண்டு "யூ"வும் சரியாக நிற்கும். எஸ்டிஏ பழுதான அன்று எஸ்டிபியில் தரவு முழுதும் இருக்கும், கணினி மட்டும் எழாது.

அதனால் அடைமொழியை வட்டிலிருந்து எடுத்துப் பிரிவுக்குக் கொடுப்போம்: "இரட்டைப் பிரிவு". வட்டு வெறும் வட்டாகவே இருக்கட்டும்.

அடுத்தது வினைச்சொல். பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவி வழியாக கிரப் பொதியைக் கொண்டுவருவது ஒரு வேலை, கிரப்-இன்ஸ்டால் அதை வட்டில் எழுதுவது வேறு வேலை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறது. நாமும் அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. பொதியை நிறுவுகிறோம், ஏற்றியைப் பதிக்கிறோம். கல் பதிப்பது போல, குறிப்பிட்ட பரப்பில் குறிப்பிட்ட இடத்தில் அழுத்தி வைப்பது. "ஏற்றி நிறுவப்பட்டுள்ளது" என்று படித்தவர் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். "ஒவ்வொரு வட்டிலும் பதிக்கவும்" என்றால் எத்தனை வட்டு என்று எண்ணிப் பார்ப்பார்.

———

வணக்கம்.

> "இரட்டைப் பிரிவு"

ரெய்டு 1-இல் மூன்று உறுப்புகளும் இருக்கலாம். அப்போது "மூன்று உறுப்புள்ள இரட்டை" என்று எழுத நேரும். வேறு சொற்களைத் தேடிப் பார்த்தேன். "படிமம்" ஏற்கெனவே ஐஎஸ்ஓ கோப்புக்குப் போய்விட்டது. "இணை" என்றால் "இணைப்பிரிவு இணைக்கப்படவில்லை" என்ற வாக்கியம் நம்மைக் கேலி செய்யும். "ஒத்த பிரிவு" பேச்சில் ஒற்றைப் பிரிவாகக் கேட்கும், பொருளே தலைகீழ். "நகல்" என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒன்று மூலம், மற்றது பிரதி என்ற எண்ணம் வரும். காப்பு நகல் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். இங்கே ஒரு கோப்பை அழித்தால் எல்லா வட்டிலும் அதே நொடியில் போய்விடும்.

என் பரிந்துரை "நிகர் பிரிவு". ஒன்றுக்கொன்று நிகர், மூலம் என்று எதுவுமில்லை, எண்ணிக்கைக் கட்டும் இல்லை. நிகர்த்தல் என்ற வினை இருப்பதால் வினைத்தொகையாகக் கொள்ளலாம், வல்லினம் மிகாது. சேர்ந்த அமைப்பு "நிகர் அணி".

> ஏற்றியைப் பதிக்கிறோம்

யூஈஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த தொடக்க முறை) கணினியில் இது பொருந்துமா? அங்கே செக்டாரில் எதுவும் எழுதுவதில்லை. ஈஎஸ்பி என்ற ஃபேட் பிரிவில் ஒரு கோப்பு வைக்கிறோம், ஃபர்ம்வேரின் (தாய்ப்பலகையிலேயே இருக்கும் மென்பொருள்) நினைவகத்தில் ஒரு பெயர் சேர்க்கிறோம். அதோடு "பதிப்பு" என்றால் எல்லோருக்கும் வெர்ஷன்தான்.

———

"நிகர் பிரிவு" என்னுடையதைவிட நல்ல சொல். ஏற்கிறேன்.

"பதிப்பு" பற்றிய எச்சரிக்கையும் சரியே. வினையாகப் "பதி", பெயராகப் "பதிக்கை" என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் வெர்ஷனும் பதிக்கையும் ஒரே வாக்கியத்தில் வருகிற பிழை ஒன்று உண்டு. 2020 ஜூலையில் கிரப் பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது பல கணினிகள் "கிரப்_காலோக் குறியீடு காணப்படவில்லை" என்று மீட்புத் தூண்டியில் (கட்டளை கேட்டு நிற்கும் திரையில்) நின்றன. கிரப்பின் கூறுகள் பூட் கோப்பகத்தில், அதாவது நிகர் பிரிவுக்குள், புதிதாகிவிட்டன. வட்டின் தலையில் இருந்த பதிக்கை பழையது. டெபியனில் கிரப்-பிசி பொதி, தன் அமைப்பில் குறித்துவைத்த வட்டுகளில் மட்டுமே மறுபடி பதிக்கும். அந்தக் குறிப்பில் இல்லாத வட்டிலிருந்து கணினி எழுந்தால் இதுதான் கதி. பொதியின் அமைப்பை மாற்றும் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஓட்டி எல்லா வட்டுகளையும் தேர்ந்து வைக்க வேண்டும். இதை "நிறுவல் புதியது, பதிக்கை பழையது" என்று நான்கே சொற்களில் சொல்லிவிடலாம்.

யூஈஎஃப்ஐ-யிலும் சொல் நிற்கும் என்றே நினைக்கிறேன். கோப்பை ஈஎஸ்பியில் பதிக்கிறோம், அதன் பெயரை ஃபர்ம்வேரில் பதிவு செய்கிறோம். ஒரே வேர்ச்சொல்தான். ஃபர்ம்வேருக்கு எம்டி தெரியாது என்பதால் வட்டுக்கு ஒரு ஈஎஸ்பி தனித்தனியாக வேண்டும். ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை மூலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வேண்டும். ரெய்டின் விவரக்குறிப்பு மெட்டாடேட்டா 1.0 வடிவில் பிரிவின் கடைசியில் உட்காருவதால் ஈஎஸ்பியையே நிகர் பிரிவாக்கலாம் என்பார்கள். வேலை செய்யும். ஆனால் ஃபர்ம்வேர் ஒரு பக்கம் மட்டும் எதையாவது எழுதிவிட்டால் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேறுபடும். தனித்தனி ஈஎஸ்பியே மேல்.

சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க, பழுதான வட்டை மாற்றும் பகுதியை (பயாஸ், ஜிபிடி) எழுதிப் பார்த்தேன்:

"பிரிவு அட்டவணைக் கருவியான எஸ்ஜிடிஸ்கின் பெரிய ஆர் தெரிவால் நல்ல வட்டின் பிரிவு அட்டவணையைப் புதிய வட்டுக்கு எடுக்கவும். தெரிவை ஒட்டி வருவது புதிய வட்டின் பெயர். மாற்றி எழுதினால் நல்ல வட்டின் அட்டவணை அழியும். பெரிய ஜி தெரிவால் புதிய வட்டின் அடையாள எண்களை மாற்றவும். எம்டியைக் கையாளும் எம்டிஏடிஎம் கட்டளை வழியாகப் புதிய பிரிவை நிகர் அணியில் சேர்க்கவும். ஒத்திசைவு முடிந்தாலும் புதிய வட்டில் தொடக்க ஏற்றி இராது. அதில் தனியே பதிக்கவும். புதிய வட்டு எஸ்டிபி என்றால் பதிக்கும் இலக்கு எஸ்டிபி. எஸ்டிபி2-வோ எம்டி0-வோ அல்ல. நல்ல வட்டின் முதல் 446 பைட்டை டிடி கட்டளை கொண்டு எடுத்து ஒட்டுவது போதாது, பெரிய துண்டு அதில் வராது. பயாஸ் பூட் பிரிவு இல்லை என்று கிரப் எச்சரித்தால் அங்கேயே நிறுத்தி, அந்தப் பிரிவை உருவாக்கிய பின் மறுபடி பதிக்கவும்."

———

படித்தேன். ஒரே திருத்தம்: "தனியே பதிக்கவும்" என்பதற்கு அடுத்து, "பின்னர் நல்ல வட்டைக் கழற்றி வைத்து, புதியதிலிருந்து மட்டும் கணினி எழுகிறதா என்று பார்க்கவும்; மீண்டும் மாட்டியதும் அதன் பிரிவை அணியில் திரும்பச் சேர்க்கவும்" என்று சேருங்கள். நிகர் பிரிவு, நிகர் அணி, பதி, பதிக்கை நான்கையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.