ரெட்சியஸ் இடைவெளி: புத்தகத்தில் எல்லைகள் தெளிவு, அறுவை அரங்கில் தெரிவதோ கொழுப்பு மட்டும்

கேள்வி: அறுவைப் பிரிவு முதுநிலை மாணவி, இரண்டாம் ஆண்டு

வணக்கம். பியூபிஸ் எலும்புக்கும் (இடுப்பெலும்பின் முன்பகுதி) சிறுநீர்ப்பைக்கும் நடுவே உள்ள ரெட்சியஸ் இடைவெளியின் எல்லைகளை யார் கேட்டாலும் ஒப்பித்துவிடுவேன்: முன்னால் பியூபிஸும், இரு பக்கப் பியூபிஸும் நடுவில் சேரும் சிம்பைசிஸ் மூட்டும், பின்னால் சிறுநீர்ப்பையின் முன்சுவர், பக்கங்களில் அப்டுரேட்டர் இன்டர்னஸ் தசையும் லெவேட்டர் ஏனை தசையும், மேலே பெரிட்டோனியம் (வயிற்றறையின் உட்சவ்வு). ஆனால் சென்ற வாரம் ஒரு திறந்தமுறை அறுவையில் உதவிக்கு நின்றபோது மஞ்சள் கொழுப்பைத் தவிர எதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. மூத்தவர் இரண்டு விரல்களை உள்ளே விட்டு ஒருமுறை வழித்தார். இடம் தானாகத் திறந்துகொண்டது. அவர் எதைத் தடவி வழி கண்டார்? இன்னொன்று: சிறுநீர்ப்பை கிழிந்த நோயாளிகளில் சிலருக்கு உடனே வயிற்றைத் திறக்கிறோம், சிலருக்குக் கதீட்டர் (சிறுநீர் வடியும் குழாய்) மட்டும் போட்டுக் காத்திருக்கிறோம். இந்த வேறுபாட்டுக்கும் இந்த இடைவெளிக்கும் தொடர்பு உண்டா?

பதில் 1: சிறுநீரியல் அறுவை மருத்துவர்

அவர் தடவியது எலும்பை. பியூபிஸின் பின்பரப்பை விரல் நுனி விடாமல் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கினால், கொழுப்பும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து பின்னால் ஒதுங்கிவிடும். உண்மையில் அங்கே ஏற்கெனவே ஒரு வெற்றிடம் இருப்பதாக எண்ணுவதுதான் குழப்பத்தின் தொடக்கம். அது நாம் பிரித்தால் மட்டுமே உண்டாகும் இடம். சரியான தளத்தில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம், நூலாம்படை போல வெளுத்த மெல்லிழைகள் இழுத்தவுடன் ரத்தமின்றி விலகுவது. ரத்தம் கசியத் தொடங்கினால் பெரும்பாலும் தளம் தவறிவிட்டது என்று பொருள். அப்போது மேலும் ஆழமாகப் போகாமல் எலும்பை மீண்டும் தேடிப் பிடியுங்கள்.

நடுக்கோட்டில் கீழே போகப் போக எச்சரிக்கை வேண்டும். ஆண்களில் பியூபிஸிலிருந்து புராஸ்டேட்டுக்குச் செல்லும் இரண்டு லிகமென்ட்டுகளுக்கு (இணைப்புநார்) இடையே, ஆண்குறியின் ஆழ்ந்த முதுகுப்புறச் சிரையின் மேலோட்டமான கிளை வெளிவந்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே கிடக்கிறது. நீங்கள் வெறும் கொழுப்பு என்று பார்த்ததற்குள் அதுவும் இருந்திருக்கும். அதே சிரையின் மற்ற கிளைகள் புராஸ்டேட்டைச் சுற்றிய உறைக்குள் பரவி சாண்டோரினி சிரைப்பின்னலாகின்றன. இந்தச் சிரைகளின் சுவர் மிக மெல்லியது. கிழிந்தால் கண்மூடித்தனமாகக் கிளாம்ப் போடுவது ஓட்டையைப் பெரிதாக்கும். பஞ்சுத்துணியால் அழுத்தி, பொறுமையாகக் காத்திருந்து, தெளிவாகத் தெரிந்த பிறகே தையல் போட வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் அவசரப்பட்டு அங்கே ஒரு கிளாம்ப் போட்டேன். அதன் பிறகு அரை மணி நேரம் என் மூத்தவர் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

1945இல் டெரன்ஸ் மில்லின் இதே வழியாகச் சென்று, சிறுநீர்ப்பையைத் திறக்காமல் புராஸ்டேட்டின் உறையை மட்டும் வெட்டிக் கட்டியை எடுக்கும் முறையை வெளியிட்டார். பிற்காலத்தில் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுதும் அகற்றும் அறுவை பாதுகாப்பானதற்கும், இந்தச் சிரைகளின் அமைப்பு புரிந்து அவற்றை முன்கூட்டியே கட்டக் கற்றுக்கொண்டது ஒரு பெரிய காரணம்.

பதில் 2: மகப்பேறு, மகளிர்நல மருத்துவர்

பெண்களில் இந்த இடைவெளியின் தரை என்பது யோனியின் முன்சுவரும் அதன்மேல் கிடக்கும் சிறுநீர்த்தாரையும்தான். ஆகவே இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும் பெண்களுக்கான அறுவைகள் பலவும் இங்கேயே நடக்கின்றன. 1949இல் வந்த மார்ஷல்–மார்செட்டி–கிராண்ட்ஸ் முறை, சிறுநீர்த்தாரையின் இரு பக்கத் திசுக்களைப் பியூபிஸின் எலும்புறையில் தைத்தது; பிறகு சிலருக்கு எலும்பிலேயே அழற்சி வந்தது. 1961இல் பர்ச் அந்தத் தையலைச் சற்றுப் பக்கவாட்டில், பியூபிஸின் மேல்கிளையோடு ஒட்டிய உறுதியான கூப்பர் லிகமென்ட்டுக்கு மாற்றினார்.

1990களின் நடுவில் உல்ம்ஸ்டன் அறிமுகப்படுத்திய, சிறுநீர்த்தாரைக்கு அடியில் நாடாவைத் தாங்கலாக வைக்கும் முறையில் நாம் இந்த இடத்தைத் திறப்பதே இல்லை, ஊசியைக் குருட்டாகச் செலுத்துகிறோம். அதனால்தான் உடற்கூறு அறிவு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஊசி எலும்பின் பின்பரப்பை உரசிக்கொண்டு மேலேற வேண்டும். பின்னால் விலகினால் சிறுநீர்ப்பை, வெளிப்பக்கம் விலகினால் அப்டுரேட்டர் நாளங்களும் வெளி இலியாக் நாளங்களும். சிறுநீர்ப்பையை முன்னரே காலி செய்துவிட்டு, ஊசி உள்ளே இருக்கும்போதே சிஸ்டோஸ்கோப் (பையின் உள்ளே பார்க்கும் கருவி) வைத்துப் பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். அப்போது துளை தெரிந்தால் ஊசியை எடுத்து மீண்டும் செலுத்தினால் போதும். மறுநாள் தெரிந்தால் கதையே வேறு.

முந்தைய சிசேரியன் தழும்பு உள்ளவர்களிடம் மேற்சொன்ன நூலாம்படைத் தளத்தை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே சிறுநீர்ப்பை எலும்போடு ஒட்டிக்கிடக்கும், விரலால் வழித்தால் கிழியும். கண்ணால் பார்த்துக் கத்தரிக்கோலால் பிரிப்பதே நல்லது.

பதில் 3: விபத்து அறுவைப் பிரிவில் பணிபுரிபவர்

பக்கவாட்டு ஆபத்தைப் பற்றி ஒன்று. பியூபிஸின் மேல்கிளையைக் குறுக்காகக் கடந்து, அப்டுரேட்டர் நாளங்களை வெளி இலியாக் அல்லது கீழ் எபிகாஸ்ட்ரிக் நாளங்களோடு இணைக்கும் ஒரு கிளை பலருக்கு உண்டு. பெரும்பாலும் சிரை, சிலருக்குத் தமனி. சிம்பைசிஸிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி இருக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். கொரோனா மார்ட்டிஸ், அதாவது சாவின் மகுடம், என்ற பெயர் சற்று மிகைதான். இருந்தாலும் அறுபட்ட முனை அப்டுரேட்டர் குழாய்க்குள் சுருங்கிப் போனால் பிடிப்பது கடினம். கூப்பர் லிகமென்ட்டில் தைக்கும்போதும், குடலிறக்கத்துக்கு வலையைப் பொருத்தும்போதும் முதலில் இதைத் தேடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சிறுநீர்ப்பையின் உச்சியைத்தான் பெரிட்டோனியம் முக்கியமாகப் போர்த்தியிருக்கிறது; நிறைந்திருக்கும் பையில் வலுவிழந்த இடமும் அதுவே. பை நிறைந்திருக்கும்போது வயிற்றில் அடிபட்டால் உச்சி வெடித்துச் சிறுநீர் வயிற்றறைக்குள் கொட்டும். அங்கே அது உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் உயரும், பெரிட்டோனிய அழற்சியும் வரலாம். ஆகவே திறந்து தைக்கிறோம். இடுப்பெலும்பு முறிவில் கிழிவது பெரும்பாலும் முன்பக்கத்தின் கீழ்ப்பகுதி. அப்போது சிறுநீர் ரெட்சியஸ் இடைவெளியில் தேங்குகிறது, வயிற்றறைக்குள் போவதில்லை. கதீட்டர் மூலம் பையைக் காலியாகவே வைத்திருந்தால், 10 முதல் 14 நாட்களில் கிழிசல் பெரும்பாலும் தானே மூடிவிடும். பையின் கழுத்து கிழிந்திருந்தாலோ, எலும்புச் சில்லு உள்ளே குத்தியிருந்தாலோ, மலக்குடலுக்கோ யோனிக்கோ காயம் இருந்தாலோ இந்தக் காத்திருப்பு கூடாது.

முறிவில் ரத்தப்போக்கு நிற்காதபோது, பெரிட்டோனியத்தைத் திறக்காமலே இந்த இடைவெளி வழியாக இரு பக்கமும் பஞ்சுத்துணிகளைத் திணித்து அழுத்துவதும் இதே உடற்கூற்றின் பயன்தான்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். எங்களிடம் வந்த ஒரு நோயாளிக்கு, ஊசிவழி நிறமருந்து (கசிவைப் படத்தில் காட்டும் மருந்து) ஏற்றிக் கதீட்டரை மூடிவைத்து எடுத்த சிடி ஸ்கேனில் கசிவு இல்லை என்று வந்தது. பிறகு கிழிசல் இருப்பது தெரிந்தது. எப்படித் தவறியது?

பதில் 3 எழுதியவர்:

பை போதுமான அளவு விரியவில்லை. சிறுநீரகம் வழியாகத் தானாகச் சேரும் மருந்தை நம்பக் கூடாது. நீர்த்த மருந்தைக் கதீட்டர் வழியாக ஏறத்தாழ 300 மி.லி. ஏற்றிப் பையை விரித்த பிறகுதான் படம் எடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்-ரே எடுப்பதானால் பையைக் காலி செய்த பிறகும் ஒரு படம் வேண்டும், ஏனெனில் பின்பக்கம் தேங்கிய கசிவை நிறைந்த பை மறைத்துவிடும். அதற்கு முன், சிறுநீர்த்தாரையின் வாயில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் சிறுநீர்த்தாரையைப் படமெடுத்துவிட்டு, அதன் பிறகே கதீட்டரைத் தொடுங்கள்.