‘விசிறிக் கவசம்’ வேண்டாம், ‘விசிறி உறை’ போதும்: எஞ்சின் விசிறிச் சொற்கள் பற்றி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வண்டி எஞ்சின்களைக் குளிர்விக்கும் விசிறிகளைக் கோத்துப் பொருத்தும் தொழிலாளர்களுக்கான தமிழ்க் கையேட்டின் சொற்பட்டியல் என்னிடம் திருத்தத்துக்கு வந்திருப்பதை முன்மடலில் தெரிவித்திருந்தேன். அதற்கு வந்த பதில்கள் அனைத்தையும் படித்தேன். பெரும்பாலான சொற்களில் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், ரேடியேட்டரின் முதுகில் திருகி மாட்டப்பட்டு, விசிறியைச் சுற்றி நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் பாகத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் நாம் பிரிந்து நிற்கிறோம். பட்டறைகளில் இதற்கு ‘ஷ்ரௌடு’ என்றும் ‘பேன் கவர்’ என்றும் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன.

கோவை நண்பர் ‘விசிறிக் கவசம்’ என்ற சொல்லை முன்வைத்து, அது கேட்டவுடன் புரியும் என்கிறார். கேட்டவுடன் புரியும் என்பது உண்மைதான். ஆனால் புரிவது தவறாகப் புரியும் என்பதே என் மறுப்பு. கவசம் என்றால் ஒன்றை அடிபடாமல் காப்பது. இந்தப் பாகம் விசிறியையும் காப்பதில்லை, விசிறியிடமிருந்து நம் விரல்களையும் காப்பதில்லை. ‘ஷ்ரௌடு’ என்ற ஆங்கிலப் பெயரும் இவ்வகையில் நமக்கு உதவாது. அச்சொல்லின் பழைய பொருள் பிணத்தைப் போர்த்தும் துணி. அதை அப்படியே பின்பற்றினால் நாமும் போர்வை, மூடி, கவசம் என்ற வழியில்தான் போய்க்கொண்டிருப்போம். எனவே ஆங்கிலச் சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பாகம் செய்யும் வேலையைப் பார்ப்போம்.

ரேடியேட்டர் நீள்சதுரம், விசிறி வட்டம். இரண்டுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லையென்றால், சுழலும் விசிறி தனக்கு எளிதாகக் கிடைக்கும் காற்றைத்தான் இழுக்கும். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளினூடே காற்றை இழுப்பது கடினம், பக்கவாட்டில் எஞ்சினைச் சுற்றித் தேங்கியிருக்கும் சூடான காற்றை இழுப்பது எளிது. ஆகவே விசிறி அந்தச் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்க, ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் காற்றுப்படாமல் கிடக்கும். இந்தப் பாகத்தைப் பொருத்தியதும் பக்கவாட்டு வழி அடைபடுகிறது; விசிறியின் இழுப்பு ரேடியேட்டரின் முழுப் பரப்புக்கும் பரவுகிறது. அதாவது, இது காற்றுக்கு வழி வகுக்கும் பாகமேயன்றி எதையும் மூடும் பாகம் அன்று.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் சித்தப்பா ஒரு பழைய வேன் வைத்திருந்தார். ரேடியேட்டரில் கசிவு கண்டு, பற்றவைப்பதற்காக ஒரு பட்டறையில் விட்டார். கழற்றும்போது அந்தப் பிளாஸ்டிக் பாகம் விரிசல் விட்டிருந்ததால், “அது வெறும் கவர்தான் அண்ணே, இல்லாமலே ஓடும்” என்று சொல்லி, அதை மாட்டாமலே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் தெரியவில்லை. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நான்காம் நாள் ஏற்காடு மலையேறும்போது, இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்த வண்டியின் சூடுகாட்டி முள் சிவப்பைத் தொட்டது. தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், தண்ணீர்ப் பம்பைச் சந்தேகித்தார்கள். கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்த அந்தப் பிளாஸ்டிக் பாகம்தான் நோயைத் தீர்த்தது. ‘கவர்’ என்ற பெயர்தான் அதைத் தூக்கி எறியத் துணிவு கொடுத்தது. ‘கவசம்’ என்றாலும் இதே துணிவுதான் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜெனரேட்டர்களிலும் சில டிராக்டர்களிலும் விசிறியில் கை பட்டுவிடாமல் கம்பிவலை ஒன்று வைத்திருப்பார்கள். ‘விசிறிக் கவசம்’ என்ற சொல் முறைப்படி அதற்கே உரியது. அதை இங்கே செலவழித்துவிட்டால், அங்கே வேறொரு சொல்லைத் தேடி அலைய நேரும்.

எனவே ‘விசிறி உறை’ என்ற என் முந்தைய பரிந்துரையிலேயே நிற்கிறேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் அம்மா இதற்கு எழுப்பிய தடை நியாயமானது: தலையணை உறை, வாள் உறை, கடித உறை எல்லாமே உள்ளே இருப்பதை மூடுகின்றனவே, கவசத்தைத் தள்ளிவிட்டு உறையைக் கொண்டுவருவதால் என்ன பயன் என்கிறார். அம்மா, உறைகிணற்றை நினைத்துப் பாருங்கள். கீழடியில் வெளிப்பட்ட சுடுமண் உறைகளானாலும், இன்று தோட்டங்களில் இறக்கும் சிமெண்ட் உறைகளானாலும், அவை மேலும் கீழும் திறந்த வளையங்கள். மூடுவது அவற்றின் வேலையன்று. பக்கத்து மண் சரிந்து உள்ளே வராமல் தடுத்து, நடுவே நீருக்கு வழி விடுவதே வேலை. நம் பாகமும் அதையேதான் காற்றுக்குச் செய்கிறது. இப்பொருளில் ‘உறை’ நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல். புதிதாக ஆக்க வேண்டியதில்லை. கிணறு வெட்டுகிற ஊரிலிருந்து வருகிற தொழிலாளிக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஓர் இடறல் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விசிறி சுழலும் வட்டப் பகுதிக்குத்தான் கிணற்று உறை பொருந்தும். ரேடியேட்டரோடு ஒட்டி நிற்கும் அகன்ற நீள்சதுரப் பகுதி அப்படிப்பட்டதன்று. ஆகவே முழுப் பாகத்தையும் ‘விசிறி உறை’ என்றும், அதன் அகன்ற பக்கத்தை ‘அகல்வாய்’ என்றும், வட்டப் பகுதியை ‘உறைவளையம்’ என்றும் வழங்கலாம். எனக்கு உள்ளூர ‘தூம்பு’ என்ற சொல்லின்மேல் ஆசை இருந்தது. ஏரி முழுவதன் நீரையும் ஒரு வாய் வழியே இழுக்கும் குமிழித் தூம்பைப் போன்றதுதானே இதுவும்! ஆனால் ஏரிக்கரையைப் பார்த்திராத தலைமுறைக்கு அச்சொல்லையே முதலில் விளக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

‘உறைவளையம்’ என்ற சொல் வந்துவிட்டதால், சில விசிறிகளில் இறக்கை நுனிகளையெல்லாம் சேர்த்துக் கட்டியபடி கூடவே சுழலும் வளையத்துக்கு ‘வளையம்’ என்று மட்டும் சொல்ல முடியாது. அதை ‘நுனிப்பட்டை’ என்று குறித்திருக்கிறேன். இறக்கை நுனிக்கும் உறைவளையத்துக்கும் நடுவே விடும் ‘நுனி இடைவெளி’யைப் பற்றிக் கையேட்டில் ஒரு விளக்கம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இடைவெளி குறையக் குறையக் காற்றுக்கசிவு குறையும்; அதற்காக ஒட்டவைத்துவிடவும் முடியாது. எஞ்சினோடு பூட்டிய விசிறி எஞ்சினோடு சேர்ந்தே ஆடும், ஏனெனில் எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உறையோ ரேடியேட்டரோடு சட்டத்தில் நிற்கிறது. இந்த ஆட்டத்துக்கு இடம் விட்டாக வேண்டும். மோட்டாரும் விசிறியும் உறையிலேயே பொருத்தப்பட்ட மின்விசிறிகளில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே சில மில்லிமீட்டர் போதும்.

அடுத்தது, எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே இருந்து, தேவைக்கேற்ப விசிறியைப் பிடித்தும் விட்டும் சுழற்றும் ‘விஸ்கஸ் கிளட்ச்’. பட்டியலில் ‘பாகுநிலை உரசிணைப்பி’ என்று இருந்தது. ‘பாகுநிலை’ தமிழ்நாட்டுப் பாடநூல் சொல். இலங்கையில் ‘பிசுக்குமை’ என்பார்கள். இரண்டில் எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ‘உரசிணைப்பி’ இங்கே நேர்த்தவறு. இதில் உலோகத்தோடு உலோகம் உரசுவதே இல்லை. எஞ்சின் சுழற்றும் தட்டு உள்ளே ஓடும். விசிறி வெளிக்கூட்டில் மாட்டியிருக்கும். இரண்டிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும். அவற்றுக்கிடையே உள்ள சிறு சந்தில் சிலிகான் எண்ணெய் வந்து நிரம்பும்போது, அந்த எண்ணெயின் இழுவையால் வெளிக்கூடு சுழலத் தொடங்குகிறது. முகப்பில் இருக்கும் ஈருலோகச் சுருள் ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து அடைப்பானைத் திறக்கும். காற்று ஆறியதும் மூடும். எண்ணெய் மீண்டும் தன் தேக்கத்துக்குத் திரும்பிவிடும். முழுதாகப் பிடிக்கும்போதும் சிறிது வழுக்கும், முழுதாக விடும்போதும் விசிறி மெல்லச் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

இத்தகைய ஒன்றுக்கு ‘பாகுப்பிடி’ என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பாகு என்றதும் அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகு நினைவுக்கு வரும். கரண்டியை இழுத்தால் பாகும் கூடவே வருகிற அந்த இழுவைதான் இங்கே விசிறியைச் சுழற்றுகிறது. “பாகு சூட்டில் இளகுமே, இங்கே சூடேறினால் அல்லவா பிடிக்கிறது?” என்று மதுரை நண்பர் மடக்கியிருந்தார். சூட்டை உணர்வது சுருள், எண்ணெய் அன்று. மற்ற எண்ணெய்களைப்போல் சூட்டில் பெரிதாக இளகாது என்பதனால்தான் சிலிகான் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கியர் மாற்றும் கிளட்ச் ‘கிளட்ச்’ ஆகவே இருக்கட்டும். அதைத் தமிழாக்குவதில் எனக்கு அவசரமில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு விசிறியை ஏன் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லவே இல்லை. விசிறியின் வேகம் இருமடங்கானால் காற்றும் இருமடங்காகிறது, ஆனால் அது தின்னும் திறன் 8 மடங்காகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் விசிறி மிகுதியாகத் தின்னும். அப்போதுதான் எதிர்க்காற்று மிகுந்து விசிறி தேவைப்படாமலும் இருக்கும். இதை ஒரு பத்தியாகச் சேர்த்தால் ‘பாகுப்பிடி’ என்ற சொல் படிப்பவர் மனத்தில் தானே நிற்கும்.

‘பிளேடு’ என்பதற்குப் பட்டியலில் ‘அலகு’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘இறக்கை’ என்று எழுதினேன். பட்டறையில் ‘றெக்கை’ என்றுதான் சொல்கிறார்கள். அலகு என்றால் அளவையின் அலகோடு குழம்பும். “7 இறக்கை விசிறி நிமிடத்துக்கு 2400 சுற்றுச் சுற்றினால் 280 ஹெர்ட்ஸ் ஒலி எழும், இறக்கைகளைச் சமமற்ற இடைவெளிகளில் அமைத்தால் அந்த ஒற்றை ரீங்காரம் சிதறிக் காதுக்கு இதமாகும்” என்ற வாக்கியத்தில் ‘7 அலகு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஊதும் விசிறி, பின்னால் நின்று இழுக்கும் விசிறி ஆகிய இரண்டையும் ‘முன்விசிறி’, ‘பின்விசிறி’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். பின்புற எஞ்சின் கொண்ட பேருந்துகளில் ரேடியேட்டர் பக்கவாட்டில்கூட இருக்கும். அங்கே முன்னும் பின்னும் பொருளற்றவை. ‘ஊதுவிசிறி’, ‘இழுவிசிறி’ என்று கொள்வோம்.

‘ரிவர்ஸ் த்ரெட்’ என்பதற்கு ‘எதிர்மரை’ என்று வந்திருந்தது. எதற்கு எதிர்? சங்கில் நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் இடம்புரி, வலம்புரி இருக்கையில் வேறு சொல் எதற்கு? ‘இடம்புரி மரை’ என்று எழுதியிருக்கிறேன். சில வண்டிகளில் பாகுப்பிடியைத் தண்டில் பூட்டும் பெரிய நட்டு இடம்புரிதான். வழக்கமான பக்கம் திருகிக் கழற்ற முயன்றால் இன்னும் இறுகும்.

கடைசியாக, இச்சொற்கள் வாக்கியத்துக்குள் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பதற்காகக் கையேட்டின் ஒரு பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, நாவில் இடறும் இடத்தைச் சொல்லுங்கள்.

“பாகுப்பிடியைப் படுக்கவைக்காமல், வண்டியில் நிற்கும் நிலையிலேயே நிறுத்தி வைக்கவும். விசிறியில் ‘எஞ்சின் பக்கம்’ என்ற குறி எந்தப் பக்கம் உள்ளது என்று பார்த்து மாட்டவும். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் குறைவாக வரும், ஆகவே கையால் சோதித்துத் தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. இடம்புரி மரையுள்ள நட்டை இடப்பக்கம் திருகி முடுக்கவும். பின்னர் விசிறி உறையை ரேடியேட்டரில் பூட்டி, விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வோர் இறக்கையிலும் நுனி இடைவெளியைப் பார்க்கவும். விசிறி உறை விரிசல் விட்டிருந்தால் மாற்றவும். உறை இல்லாமல் வண்டியை அனுப்பக் கூடாது.”

‘அகல்வாய்’ என்ற சொல்லில் மட்டும் எனக்கே முழு நிறைவில்லை. அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் பட்டியல் அச்சுக்குப் போய்விடும்.